வியட்நாமியரோடு பழக: முதலில் முறை, பிறகு பேச்சு

வியட்நாமில் ஒருவரோடு பேச ஆரம்பித்த ஐந்து நிமிடத்துக்குள் "எந்த வருஷம் பிறந்தீங்க?" என்ற கேள்வி வந்துவிடும். அதன் பின்னாலேயே "கல்யாணம் ஆயிடுச்சா, பிள்ளைங்க எத்தனை பேர்?" என்பதும் வரும். சொந்த விஷயத்தில் மூக்கை நுழைக்கிறார்கள் என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. கேட்கிறவருக்கு அது தேவை. வியட்நாமிய மொழியில் 'நான்', 'நீங்கள்' வர வேண்டிய இடங்களில் பெரும்பாலும் உறவுமுறைச் சொற்களே வரும். எதிரில் இருப்பவர் அண்ணனா, தம்பியா, சித்தப்பாவா என்று முடிவாகாத வரை ஒரு முழு வாக்கியம் சொல்வதே சங்கடம். வயது தெரிந்ததும் பேச்சு தானாக இளகிவிடும்.

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாமிய நிறுவனமான வின்ஃபாஸ்ட்டின் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. ஊர் சுற்றப் போகிறவர்களோடு, வியட்நாமிய மேலாளர்களோடு வேலை பார்க்கிறவர்களும், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கும் கல்யாணத்துக்கும் அழைக்கப்படுகிறவர்களும் இனி நம்மில் அதிகமாவார்கள். முறை வைத்துக் கூப்பிட்டு வளர்ந்தவர்கள் என்பதால் பாதிப் பாடம் நமக்கு ஏற்கெனவே தெரியும். சறுக்குவதெல்லாம் மீதிப் பாதியில்தான்.

எட்டுச் சொற்களைப் பழகிக்கொண்டால் அன்றாடம் ஓடிவிடும். உங்களைவிடச் சில வயது மூத்த ஆண் 'அன்', மூத்த பெண் 'சி', இளையவர் ஆணானாலும் பெண்ணானாலும் 'எம்'. உங்கள் அப்பாவைவிடக் கொஞ்சம் இளையவராகத் தெரியும் ஆண் 'சூ', அந்த வயதுப் பெண் 'கோ'. பெற்றோரைவிட மூத்தவர் 'பாக்'. தாத்தா வயதினர் 'ஓங்', பாட்டி வயதினர் 'பா'. எதிராளிக்கான சொல் மாறினால் உங்களைக் குறிக்கும் சொல்லும் மாற வேண்டும், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒருவரை 'சி' என்று அழைத்தால் உங்களை 'எம்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். 'சூ', 'கோ', 'பாக்' என்று அழைத்தால் நீங்கள் வடக்கே 'சாவ்', தெற்கே 'கோன்'. நாம் "அக்கா, நான் வரேன்" என்போம். அவர்கள் "அக்கா, தம்பி வரேன்" என்கிற மாதிரிதான் சொல்வார்கள்.

மொழிச் செயலிகள் முதல் பாடத்திலேயே 'நான்' என்பதற்குத் 'தோய்', 'நீங்கள்' என்பதற்குப் 'பான்' என்று சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. பிழை ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளி 'தோய்' என்று பேசினால் எட்ட நின்று பேசுவதாகத்தான் கேட்கிறவருக்குப் படும். கணவன் மனைவி சாதாரணமாக ஒருவரை ஒருவர் அன், எம் என்று பேசிக்கொள்வார்கள். சண்டை வந்தால் அதை விட்டுவிட்டுத் 'தோய்' என்று ஆரம்பிப்பார்கள். அந்தச் சொல்லின் குளிர் எவ்வளவு என்பதற்கு இதுவே போதும். 'பான்' விளம்பரங்களிலும், சம வயது அறிமுகங்களிலும் சரி. அறுபது வயதுப் பெரியவரிடம் அது எடுபடாது.

கடைக்காரர்கள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. விற்கிறவர் உங்களைவிட மூத்தவராக இருந்தாலும் மரியாதைக்காகத் தன்னை 'எம்' என்று தாழ்த்தி, உங்களை 'அன்' என்றோ 'சி' என்றோ உயர்த்துவார். அதை அப்படியே எடுத்துக்கொண்டு அவரை 'எம்' என்று திருப்பி அழைக்கக் கூடாது. முகத்தைப் பார்த்து நீங்களாக முடிவு செய்யுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு படி மேலே வையுங்கள், இரண்டு படி வேண்டாம். முப்பத்தைந்து வயதுப் பெண்ணைச் 'சி' என்றால் மகிழ்வார். 'கோ' என்றால் கிழவியாக்கிவிட்டீர்கள் என்று வருந்துவார். கூப்பிடுவதற்கு அந்தச் சொல்லோடு 'ஓய்' சேர்த்தால் போதும்: "எம் ஓய்", "சி ஓய்". சாப்பாட்டுக் கடையில் உரக்கக் கூப்பிடுவது அங்கே மரியாதைக் குறைவு ஆகாது. விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவதுதான் ஆகாது. ஆள்காட்டி விரலை மேல்நோக்கி மடக்கி 'வா' என்று காட்டுவதும் வேண்டாம். உள்ளங்கையைக் கீழ்ப்பக்கம் வைத்து விரல்களை அசைத்துத்தான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

மரியாதைக்கு இரண்டு ஒலிகள் உண்டு. வாக்கியத்தின் தொடக்கத்தில் தெற்கே 'யா' என்பார்கள், வடக்கே அதையே 'ஸா' என்றோ அல்லது 'வங்' என்றோ சொல்வார்கள். வாக்கியத்தின் முடிவில் ஒரு குட்டையான 'ஆ'. இவை இருந்தால் உச்சரிப்பு எவ்வளவு கோணலாக இருந்தாலும் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆறு சுரங்கள் உள்ள மொழியில் வெளியாள் திணறுவான் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த இரண்டு ஒலிகளை விட்டுவிட்டால்தான் வளர்ப்புச் சரியில்லை என்று தோன்றும்.

பெயர்களுக்கு வருவோம். குடும்பப் பெயர் முதலில், நடுப்பெயர் அடுத்து, கூப்பிடும் பெயர் கடைசியில். நுயென் தி லான் என்பவரைச் 'சி லான்' என்று அழைக்க வேண்டும். 'திருமதி நுயென்' என்று மின்னஞ்சலில் எழுதுவது பயனில்லாதது. நுயென்தான் அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயர். பத்துப் பேர் உள்ள அறையில் அப்படிக் கூப்பிட்டால் மூன்று நான்கு பேர் திரும்புவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண்கள் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை, ஆகவே கணவனுக்கும் மனைவிக்கும் வேறு வேறு குடும்பப் பெயர் இருப்பதைப் பார்த்து எதையும் ஊகிக்க வேண்டாம். நமக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கடவுச்சீட்டில் நம் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் இருக்கும். கடைசிப் பெயர்தான் கூப்பிடும் பெயர் என்ற பழக்கத்தில் அவர்கள் உங்களை உங்கள் அப்பா பெயரால் அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். முதல் நாளே சொல்லித் திருத்திவிடுவது நல்லது; பெயர் பலகையும் விசிட்டிங் கார்டும் அச்சானபின் மாற்றுவது கஷ்டம்.

தெற்கே வீட்டில் மூத்த பிள்ளையை 'இரண்டு' என்றுதான் அழைப்பார்கள்: 'அன் ஹாய்'. இரண்டாவது பிள்ளை 'மூன்று', அதாவது 'பா' என்ற எண். வடக்கே மூத்தவரை 'அன் கா' என்பார்கள். நண்பரின் அண்ணன் பெயரைக் கேட்டு 'அன் ஹாய்' என்று பதில் வந்தால், அப்படியே அழைத்துக்கொள்ளுங்கள், மேலே துருவ வேண்டாம். ஒன்றுவிட்ட உறவுகளில் வயதைவிட கிளைதான் பெரிது. அப்பாவின் அண்ணன் பிள்ளை உங்களைவிடப் பத்து வயது சின்னவனாக இருந்தாலும் முறைப்படி அவன் 'அன்'. கல்யாணப் பந்தியில் நரைத்த தலைக்காரர் ஓர் இளைஞனிடம் தன்னை 'எம்' என்று சொல்லிக்கொள்வதைப் பார்த்தால் காரணம் இதுதான்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்பதற்கு ஆகவில்லை என்றால் 'சுவா' என்று பதில் சொல்லுங்கள், 'இன்னும் இல்லை' என்று பொருள்படும். 'கோங்' என்று ஒரேயடியாக மறுத்தால் விளக்கம் கேட்டு இன்னும் நான்கு கேள்விகள் வரும். "சாப்பிட்டாச்சா?" என்பது அங்கேயும் வணக்கம்தான். சாப்பிடவில்லை என்று உண்மையைச் சொன்னால் உடனே உட்கார வைத்துவிடுவார்கள். உடம்பு பருத்துவிட்டது, வெயிலில் கறுத்துவிட்டீர்கள் என்றெல்லாம் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அக்கறையில் சொல்வது, சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

வேலையிடத்தில் பெரும் குழப்பம் 'ஆமாம்' என்ற சொல்லால் வருகிறது. நீங்கள் பேசும்போது அவர் 'யா, யா' என்றோ 'வங்' என்றோ சொல்லிக்கொண்டிருந்தால், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஒப்புக்கொண்டார் என்றோ புரிந்துவிட்டது என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. மூத்தவரின் முகத்துக்கு எதிரே 'முடியாது' என்று சொல்வது இரண்டு பேருக்கும் மானக்கேடு என்பதால் மறுப்பு சுற்றி வளைத்துத்தான் வரும். "கொஞ்சம் கஷ்டம்", "பார்க்கலாம்", "மேலே கேட்டுச் சொல்றேன்" ஆகிய மூன்றில் ஒன்றைக் கேட்டால் மறுப்பு என்றே வைத்துக்கொண்டு மாற்று ஏற்பாட்டைத் தொடங்குங்கள். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். "எந்த நாள் முடியும்? இதுல எந்த வேலை முதல்ல? யார் பார்க்கிறாங்க?" என்று கேட்டால் நிஜமான நிலவரம் வெளியே வரும். பேசி முடித்ததும் சாலோவில் நான்கு வரி எழுதி அனுப்பி, அவர் புரிந்துகொண்டதைத் திருப்பி எழுதச் சொல்லலாம். அங்கே அலுவலகப் பேச்சு பெரும்பாலும் அந்தச் செயலியில்தான் நடக்கிறது.

தவறு செய்தவர் சிரித்தால் கோபப்பட வேண்டாம். அந்தச் சிரிப்புக்கு வெட்கமும் மன்னிப்பும்தான் காரணம். பத்துப் பேர் நடுவில் ஒருவரைக் கடிந்துகொண்டால் அவர் உங்களோடு வேலை செய்வதை மனத்தளவில் அன்றே நிறுத்திவிடுவார், வெளியே எதுவும் தெரியாது. தனியாக அழைத்துப் போய், நல்லதை முதலில் சொல்லிவிட்டுக் குறையைச் சொல்லுங்கள். குரலை உயர்த்துகிறவருக்குத்தான் மதிப்புக் குறையும். இடுப்பில் கை வைத்து நிற்பதும் சண்டைக்கு வருவதாகப் படும். நம் தலையாட்டலும் கெடுதல் செய்கிறது. நாம் சம்மதத்துக்குப் பக்கவாட்டில் ஆட்டுவதை அவர்கள் 'இல்லை' என்று படிக்கிறார்கள். மேலும் கீழும் ஆட்டப் பழகுங்கள், வாயாலும் சொல்லுங்கள். அவர்கள் பக்கத்தில், கையைத் தூக்கி மணிக்கட்டை இங்கும் அங்கும் திருப்பினால் 'இல்லை, கிடையாது' என்று பொருள். கடையில் கேட்ட சாமான் இல்லையென்றால் வாயைத் திறக்காமல் இப்படித்தான் காட்டுவார்கள்.

பகல் 11.30 முதல் 1.30 வரை போன் செய்யாமல் இருப்பது நல்லது. சாப்பிட்டுவிட்டு அலுவலகத்திலேயே விளக்கை அணைத்து, மடக்குக் கட்டிலிலோ பாயிலோ படுத்துத் தூங்குவார்கள். அந்நேரம் வந்து நிற்கிற விருந்தாளி எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் பாரம்தான்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள் என்றால் அதை அவர்கள் பெரிய விஷயமாக நினைக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிடுங்கள், உள்ளே போட வேறு செருப்பு தருவார்கள். இருப்பவர்களில் மூத்தவரை முதலில் பார்த்துத் தலையைச் சற்றுக் குனிந்து வணங்குங்கள், பிறகு வயது வரிசைப்படி மற்றவர்களை. வீட்டுக்காரர் காட்டும் வரை உட்காரக் கூடாது. பாயில் நடுவே ஒரு வட்டத் தாம்பாளம் இருக்கும், அல்லது மேசை. வறுத்தது, குழம்பு போன்றது, வேகவைத்த கீரை, ஒரு பெரிய கிண்ணத்தில் 'கான்' என்கிற தெளிந்த சூப், நடுவில் தொட்டுக்கொள்ள மீன் சாறான நுவக் மாம். எல்லாம் எல்லோருக்கும் பொது. சோற்றுப் பானை ஒருவர் பக்கத்தில் இருக்கும். பரிமாறுவது அவர் வேலை. நாமாக அகப்பையை எடுக்கக் கூடாது. கிண்ணத்தை நீட்டும்போதும் வாங்கும்போதும் இரண்டு கையும்.

இதற்குப் பின் ஒரு கணம் யாரும் சாப்பிடமாட்டார்கள். வட வியட்நாமில் இளையவர்கள் ஒவ்வொரு பெரியவரையும் முறைப்பெயர் சொல்லி 'சாப்பிடுங்கள்' என்று அழைப்பார்கள்: தாத்தாவை, பாட்டியை, அப்பாவை, அம்மாவை, அண்ணனை. குழந்தைகூட இந்த வரிசையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் குச்சியை எடுக்கும். அத்தனை முறையும் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. "மோய் கா ஞா" என்றால் வீட்டார் எல்லோரையும் அழைத்ததாகிவிடும். தெற்கே இந்தச் சடங்கு தளர்வு, ஒரே சொல்லில் முடிந்துவிடும், சில வீடுகளில் இருக்கவே இருக்காது. ஆனால் மூத்தவர் முதல் வாய் எடுத்த பிறகே மற்றவர்கள் என்பது எங்கும் உண்டு.

கிண்ணம் இடது கையில், குச்சிகள் வலது கையில். இடது கையை மடியில் மறைத்து வைத்துச் சாப்பிடும் நம் பழக்கம் அங்கே விநோதமாகத் தெரியும். கிண்ணத்தைத் தூக்கி வாயருகே கொண்டுபோக வேண்டும், தாம்பாளத்தை நோக்கிக் குனியக் கூடாது. பொதுத் தட்டிலிருந்து எடுத்ததை நேராக வாயில் போடாமல் முதலில் உங்கள் கிண்ணத்தில் வைத்துப் பிறகு சாப்பிடுங்கள். நல்ல துண்டைத் தேடித் தட்டைக் கிளறுவது மிகவும் மோசமாகப் பார்க்கப்படும். உங்கள் பக்கம் இருப்பதை எடுத்தால் போதும், நல்ல துண்டை வீட்டுக்காரரே குச்சியைத் திருப்பிப் பிடித்து உங்கள் கிண்ணத்தில் வைப்பார். நீங்களும் பக்கத்தில் உள்ள பெரியவருக்கு அப்படி ஒரு துண்டு வைத்தால் வீடே மகிழும். கடைசிச் சோற்றில் 'கான்' ஊற்றிக் குடித்து முடிப்பார்கள். கிண்ணத்தில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. போதும் என்பதற்குக் குச்சிகளைக் கிண்ணத்தின் வாய்மேல் குறுக்கே வைத்துவிடுங்கள்.

குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவரின் தலைமாட்டில் ஒரு கிண்ணம் சோறும் வேகவைத்த முட்டையும் வைத்துக் குச்சிகளை அப்படித்தான் நிறுத்துவார்கள். நாம் வாய்க்கரிசியைச் சாப்பாட்டுப் பந்தியில் பார்த்தால் எப்படிப் பதறுவோமோ, அந்தப் பதற்றம்தான். கிண்ணத்தைக் குச்சியால் தட்டி ஒலி எழுப்பினாலும் பசித்த ஆவிகள் வரும் என்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். பந்தியில் உட்கார்ந்த பிறகு மறுத்தால், சமைத்தவருக்கு அவமானம். "ஆன் சாய்" என்றால் சைவம் என்று எல்லோருக்கும் புரியும். சந்திர மாதத்தின் 1ஆம் நாளும் 15ஆம் நாளும் பலர் சைவம்தான். அதனால் நீங்களும் அன்று மட்டும் விரதம் என்று நினைத்துவிடுவார்கள். வருஷம் முழுவதும் என்பதற்கு "ஆன் சாய் சுவாங்" என்று சொல்லுங்கள். அதோடு நுவக் மாம் வேண்டாம் என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டும். கீரை வதக்கலில்கூட மீன் சாறோ பன்றிக் கொழுப்போ இருக்கும், அதை அசைவம் என்று சமைக்கிறவர் நினைப்பதில்லை. 'சாய்' என்று பலகை போட்ட கடைகளில் இந்தக் கவலை இல்லை. பௌத்த முறையில் சமைப்பதால் வெங்காயம், பூண்டு, முட்டைகூட பெரும்பாலும் இருக்காது. மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்கள் 'ஃபோ' என்கிற நூடுல்ஸ் சூப்பில் 'ஃபோ போ'வைத் தவிர்த்து 'ஃபோ கா' என்று கேட்டால் கோழி கிடைக்கும். குழம்பு எந்த எலும்பில் கொதித்தது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

குடிக்கிற இடத்தில் சுருக்கமாக: இளையவர் தன் கோப்பையின் விளிம்பைப் பெரியவர் கோப்பையைவிடச் சற்றுத் தாழ்த்தித் தட்ட வேண்டும். 'மோத், ஹாய், பா, யோ' என்று எண்ணிச் சேர்ந்து தூக்குவார்கள். குடிக்காதவர்கள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டுத் தேநீரையோ தண்ணீரையோ தூக்கலாம், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தூக்க வேண்டும். நடுவில் நிறுத்துகிறவரைத்தான் வற்புறுத்துவார்கள். 2020 ஜனவரி முதல் ஒரு சொட்டு மது குடித்திருந்தாலும் வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டம் கடுமையாகிவிட்டது. "வண்டி ஓட்டணும்" என்ற பதிலை இப்போது யாரும் மறுப்பதில்லை. பில் கட்டுவது அழைத்தவர் பொறுப்பு. அவர் கட்டட்டும், அடுத்த முறை நீங்கள் அழையுங்கள்.

ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ஒரு மூதாதையர் பீடம் இருக்கும், வீட்டின் மிக உயர்ந்த அல்லது முக்கியமான இடத்தில். இறந்தவர்களின் படங்கள், ஊதுபத்தித் தாழி, பழம், தண்ணீர். அதன் பக்கம் காலை நீட்டி உட்காரவோ படுக்கவோ கூடாது, எதையும் தொட்டு நகர்த்தவும் கூடாது. கடைகளில் வாசலைப் பார்த்தபடி தரையில் ஒரு சின்னப் பீடம் இருக்கும். அது செல்வத்துக்கும் நிலத்துக்கும் உரிய தெய்வங்கள். பையை இறக்கி வைக்க வசதியான மூலை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு குடும்பம் உங்களைத் தன் ஆளாக நினைக்கத் தொடங்கியதற்கு அடையாளம், இறந்தவரின் ஆண்டு நினைவு நாளுக்கு அழைப்பது. தெற்கே இதை 'யோ' என்பார்கள், வடக்கே 'ஸோ'. நாம் திதி பார்ப்பது போலவே சந்திர நாள்காட்டிப்படிதான் நாள், ஆகவே ஆங்கிலத் தேதி ஒவ்வோர் ஆண்டும் மாறும். வடக்கே பல வீடுகளில் முந்தின நாளே சடங்கு தொடங்கிவிடும். பழம், பிஸ்கட், ஊதுபத்தி, அல்லது ஒரு கட்டு பியர் கொண்டுபோகலாம். வீட்டாரிடம் கொடுத்தால் அதை முதலில் பீடத்தில்தான் வைப்பார்கள். ஊதுபத்தி ஒன்று அல்லது மூன்று, எப்போதும் ஒற்றைப்படை. பற்றவைத்ததும் எரியும் நுனியை வாயால் ஊதி அணைக்கக் கூடாது, கையை வீசி அணைக்க வேண்டும். இரு கையாலும் நெற்றி உயரத்தில் பிடித்துக் குனிந்து வணங்கிவிட்டு வீட்டாரிடமே நீட்டினால் தாழியில் ஊன்றிவிடுவார்கள். படைத்த உணவு ஊதுபத்தி எரிந்து தீரும் வரை அங்கேயே இருக்கும். அதன் பிறகே இறக்கி எல்லோரும் சாப்பிடுவார்கள். ஆறிப் போய்விட்டதே என்று சொல்லாதீர்கள், முன்னோர் சாப்பிட்டு முடித்த உணவு அது. கிளம்பும்போது பொட்டலம் கட்டிக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணத்தில் வெற்றிலை பாக்குத் தாம்பாளங்களைப் பார்த்ததும் நமக்கு வீட்டு ஞாபகம் வரும். பேச்சைத் தொடங்குவது வெற்றிலைதான் என்று அங்கே பழமொழியே உண்டு. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் தாம்பாளங்கள் வடக்கே ஒற்றைப்படை, ஐந்து, ஏழு, ஒன்பது என்று, தெற்கே இரட்டைப்படை. விருந்தாளியின் கடமை ஒரு உறையில் மொய். அழைப்பிதழ் வந்த உறையிலேயே போட்டாலும் சரி, உங்கள் பெயரை எழுத மறக்காதீர்கள். வீட்டில் கணக்கு எழுதி வைப்பார்கள், உங்கள் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். வாசலில் உள்ள பெட்டியில் போட்டால் போதும். நகரத்தில் இன்று ஐந்து லட்சம் டாங் என்பது சாதாரண அளவு, பெரிய ஓட்டலில் நடந்தால் அல்லது இரண்டு பேராகப் போனால் அதற்கு மேல். போகாவிட்டாலும் யாரிடமாவது கொடுத்தனுப்புவது வழக்கம். சாவு வீட்டுக்கும் உறை உண்டு. அடர்நிற உடை, ஒரு ஊதுபத்தி, குறைந்த பேச்சு.

பரிசு கொடுக்கும்போது இரண்டு கை. வாங்கியவர் உங்கள் எதிரே பிரிக்கமாட்டார், பிடிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கத்தி, கத்தரிக்கோல், கைக்குட்டை வேண்டாம். கறுப்பு, வெள்ளைத் தாள் சுற்றுவதும் வேண்டாம். மஞ்சள் சாமந்தி பீடத்துக்குரிய பூ, தோழிக்குக் கொடுக்கும் கொத்தில் அது வரக் கூடாது. ஊரிலிருந்து முந்திரி வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கிறேன்: உலகுக்கே அதிகமாக முந்திரிப் பருப்பு ஏற்றுமதி செய்வது வியட்நாம்தான், வேறு ஏதாவது யோசியுங்கள். மார்ச் 8, அக்டோபர் 20 ஆகிய இரண்டும் பெண்களுக்கான நாட்கள், அலுவலக ஆண்கள் பூவும் சிறு பரிசும் ஏற்பாடு செய்வார்கள். மேலாளர் ஆண் என்றால் நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நவம்பர் 20 ஆசிரியர் நாள், பிள்ளைகள் அங்கே படித்தால் மறக்கக் கூடாதது.

குழந்தையைப் பார்த்ததும் "என்ன அழகு, என்ன கொழுகொழு" என்று புகழாதீர்கள், கண்பட்டுவிடும் என்ற பயம் அங்கேயும் உண்டு. வடக்கே புகழ்வதற்கு முன் 'சோம் வியா' என்று சொல்லிக்கொள்வார்கள், திருஷ்டிக்குக் காப்பாக. தலையைத் தடவுவதையும் பெற்றோர் முகத்தைப் பார்த்துச் செய்யுங்கள். 'நல்லது நடக்கட்டும்' என்று இரண்டு விரல்களைப் பின்னிக் காட்டும் வெள்ளைக்காரப் பழக்கம் உங்களிடம் இருந்தால் விட்டுவிடுங்கள், அங்கே அது ஆபாசச் சைகை.

தெருவில்: சாலையைக் கடக்கும்போது ஓடாதீர்கள், நிற்காதீர்கள், பின்வாங்காதீர்கள். ஒரே வேகத்தில் மெதுவாக நடந்தால் ஸ்கூட்டர்கள் உங்களைக் கணித்து விலகிப் போகும். காருக்கும் பேருந்துக்கும் அந்தக் கணக்கு இல்லை, அவை போகட்டும். ஐந்து லட்சம் டாங் தாளும் இருபதாயிரம் டாங் தாளும் இரண்டும் நீலம், இருட்டில் மாறிப்போகும். பர்ஸில் தனித்தனி அறையில் வையுங்கள். விலை சொல்லும்போது 'ஆயிரம்' என்பதை விழுங்கிவிடுவார்கள். 'ஐம்பது' என்றால் ஐம்பதாயிரம். ஓட்டலில் மேசைமேல் வைத்திருக்கும் ஈரத் துண்டுக்கும் வேர்க்கடலைக்கும் பிரித்தால் காசு, தொடாவிட்டால் பில்லில் வராது.

ஹோ சி மின் நகரத்தில் ட்ரூங் டின் தெரு 45ஆம் எண்ணில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் குடியேறிய தமிழர்கள் கட்டியது. இன்று அங்கே கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். ஊதுபத்தி ஏற்றி, சன்னிதியின் பின்பக்கக் கல்லில் நெற்றியைப் பதித்து, அம்மனிடம் மெல்லிய குரலில் வேண்டிக்கொள்வார்கள். அது நம் முறை இல்லை என்று திருத்தப் பார்க்காதீர்கள். அவர்கள் வீட்டுப் பீடத்துக்குக் கொடுக்கும் அதே பக்தியை நம் அம்மனுக்கும் கொடுக்கிறார்கள்.

கடைசியாகத் தெத், சந்திரப் புத்தாண்டு. 2026இல் பிப்ரவரி 17, 2027இல் பிப்ரவரி 6. பன்னிரண்டாம் சந்திர மாதம் 23ஆம் நாள் அடுப்புத் தெய்வங்களை மேலுலகுக்கு வழியனுப்புவார்கள். அன்றிலிருந்தே வேலை மந்தமாகிவிடும். ஒப்பந்தம், சரக்கு அனுப்புதல் எல்லாம் அதற்கு முன் முடிய வேண்டும். பேருந்து, ரயில், விமானம் எதிலும் இடம் கிடைக்காது. வடக்கே இளஞ்சிவப்புப் பீச் பூ, 'பான் சுங்' என்கிற சதுரமான ஒட்டரிசிப் பலகாரம். தெற்கே மஞ்சள் மாய் பூ, அதே பலகாரம் உருளையாக, 'பான் தெத்'. கடனைத் தீர்த்து, வீட்டைச் சுத்தம் செய்து முடித்துவிடுவார்கள், முதல் நாள் துடைப்பத்தைத் தொடமாட்டார்கள். முதல் நாள் அப்பா வழிக்கு, இரண்டாம் நாள் அம்மா வழிக்கு, மூன்றாம் நாள் ஆசிரியருக்கு என்பது பழைய வரிசை. நீங்கள் நான்காம் நாளுக்குப் பிறகு போனால் எல்லோருக்கும் சுகம். புத்தாண்டில் முதலில் காலடி வைக்கிறவரைப் பொறுத்துத்தான் அந்த வருஷத்து அதிர்ஷ்டம் என்று நம்புவதால், அந்த ஆளைப் பிறந்த வருஷம் பார்த்து முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். அழைக்காமல் முதல் நாள் காலையில் போய் நின்றால் அவர்கள் ஏற்பாடு கெட்டுவிடும். உங்கள் குடும்பத்தில் அந்த வருஷம் சாவு நடந்திருந்தால் முதல் நாள் யார் வீட்டுக்கும் போக வேண்டாம். தொலைபேசியில் வாழ்த்தினாலே போதும். சிவப்பு உறையில் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் 'லீ ஸீ' கொடுக்க வேண்டும், தாள்கள் கசங்காத புதிதாக இருக்க வேண்டும். பழக்கமான வீட்டுக் குழந்தைக்கு ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ டாங் போதும். புதுத் தாளுக்குக் கடைசி வாரத்தில் வங்கியில் தட்டுப்பாடு வந்துவிடும், இரண்டு வாரம் முன்பே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை முடிந்து முதல் நாள் அலுவலகம் திறக்கும்போது மேலாளர் தன் கீழ் உள்ள எல்லோருக்கும் உறை கொடுப்பது வழக்கம், காவலாளியும் துப்புரவு செய்கிறவரும் உட்பட.